வேலையிலிருந்து தொடங்க வேண்டிய திட்டம்: இராமநாதபுரத்தின் திறன் பயிற்சி குறித்து

ஒரு மாவட்டத்துக்குத் திறன் பயிற்சித் திட்டம் வகுக்க உட்காரும்போது, இந்த ஆண்டு எத்தனை பேருக்குப் பயிற்சி தருவது என்ற கேள்விதான் பெரும்பாலும் முதலில் எழுகிறது. கேள்வி அப்படி அமைந்துவிட்டால் விடையும் ஓர் அட்டவணையாகவே வரும். தையலுக்கு இத்தனை இடம், கணினித் தரவு உள்ளீட்டுக்கு இத்தனை இடம், மின்பணிக்கு இத்தனை இடம் என்று கட்டங்கள் நிரம்பும். ஆலைகள் நெருங்கி நிற்கும் மாவட்டங்களில் இந்த அட்டவணை ஓரளவு பயன்படும். பயிற்சி முடித்தவரை ஏற்க அங்கே யாராவது இருப்பார்கள். இராமநாதபுரத்தில் நிலைமை வேறு. மாதச் சம்பளம் தரும் பெரிய நிறுவனங்கள் இங்கே குறைவு. மானாவாரி நெல், மிளகாய், கடல், பனை, கரிமூட்டம், நெசவு, கட்டட வேலை, வளைகுடாப் பயணம் என்று ஒரே குடும்பம் ஓராண்டுக்குள் இரண்டு மூன்று பிழைப்புகளைச் சேர்த்துக்கட்டி வாழ்கிறது. இத்தகைய மாவட்டத்தில் பயிற்சி இடங்களின் எண்ணிக்கையை அலகாகக் கொண்டு திட்டமிடுவது தோல்வியில்தான் முடியும். ஏற்கெனவே நடக்கும் வேலைகளின் சங்கிலியை அலகாகக் கொள்ள வேண்டும். அந்தச் சங்கிலியில் வருமானம் எங்கே ஒழுகிப்போகிறது, எந்தக் கண்ணியில் தேர்ந்த ஆள் இல்லை என்று கண்டறிந்த பிறகே எந்தப் பயிற்சி, யாருக்கு, எப்போது என்ற பேச்சு வர வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

எண்ணிக்கை ஆண்ட காலம்

எண்ணிக்கை இவ்வளவு அதிகாரம் பெற்றதற்கு ஒரு வரலாறு உண்டு. 2009ஆம் ஆண்டின் தேசியத் திறன் கொள்கை, 2022க்குள் 50 கோடிப் பேருக்குத் திறன் அளிப்பதாக இலக்கு வைத்தது. நாட்டின் உழைக்கும் மக்கள் தொகையையே ஏறத்தாழ முழுதாக வளைத்துப்போடும் இலக்கு அது. அதை எட்டும் அவசரத்தில், குறுகிய காலப் பயிற்சிகளும் தலைக்கு இவ்வளவு என்று பயிற்சி நிறுவனங்களுக்குப் பணம் தரும் முறையும் பரவின. 2015இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் முதல் கட்டத்தில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் பயிற்சி பெற்றார்கள். வேலையில் அமர்ந்ததாகக் கணக்கில் வந்தவர்கள் 2.53 லட்சம் பேர். வேலை பெற்றுத்தருவது அந்தக் கட்டத்தில் கட்டாயமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதுவேதான் சிக்கல். வேலைக்காக நடத்தப்படும் பயிற்சியில் வேலை என்பது கட்டாயமற்ற ஓர் அம்சமாக இருந்திருக்கிறது. துறைவாரித் திறன் மன்றங்களை ஆராய அரசு அமைத்த சாரதா பிரசாத் குழுவும், இலக்கைத் துரத்தும் போக்கையும் மன்றங்கள் பெருகிய விதத்தையும் கடுமையாக விமர்சித்தது.

தில்லியில் பிறந்த இந்தக் கணக்கு மாவட்டம் வரை இறங்கி வந்திருக்கிறது. உலக வங்கி உதவியுடன் 2018இல் தொடங்கிய சங்கல்ப் திட்டம், மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் திறன் குழு அமைத்து மாவட்டத் திறன் திட்டம் எழுதச் சொன்னது. அதிகாரத்தைக் கீழே இறக்கும் நல்ல முயற்சி அது. ஆனால் மாவட்டக் குழுவின் கையில் இருக்கும் பணத்தின் பெரும்பகுதி, மேலே வகுக்கப்பட்ட திட்டங்களின் நிபந்தனைகளோடுதான் வருகிறது. எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம், தலைக்கு எவ்வளவு செலவு என்பவை முன்பே முடிவாகிவிடுகின்றன. அதே 2018இல் இராமநாதபுரமும் விருதுநகரும் தமிழ்நாட்டிலிருந்து முன்னேற விழையும் மாவட்டங்களாகத் தேர்வாயின. அந்தத் திட்டத்தின் தரவரிசையில் நிதி உள்ளடக்கத்துக்கும் திறன் வளர்ச்சிக்கும் சேர்த்தே 10 விழுக்காடு மதிப்புத்தான். அந்தச் சிறு பங்கிலும் சான்றிதழ் பெற்ற இளைஞர்களின் விகிதம் ஓர் அளவுகோல். அளக்கப்படுவதே செய்யப்படும் என்பது நிர்வாகத்தின் இயல்பு. சான்றிதழ்கள் கூடின. அவற்றால் மாவட்டத்தின் வருமானம் கூடியதா என்று கேட்கும் இடம் எந்தப் படிவத்திலும் இல்லை.

தொழில்துறை எதைக் கேட்கிறதோ அதைக் கற்றுக்கொடுங்கள் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மாற்று. திருப்பூரில் இது பொருந்தும். பின்னலாடை நிறுவனங்கள் அடர்ந்திருக்கும் ஊரில் எந்திரம் ஓட்டத் தெரிந்தவரின் தேவை கண்ணுக்குத் தெரியும். அந்தத் தேவையைச் சொல்ல உற்பத்தியாளர் சங்கங்கள் உண்டு. இராமநாதபுரத்தில் யாரைக் கேட்பது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே சுமார் 13.5 லட்சம் பேர் வாழ்ந்தார்கள்; பத்தில் ஏழு பேர் ஊரகத்தில். மாநிலக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டத்தின் மற்ற பகுதி கண்மாய்களையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பிய வறண்ட நிலம். இங்கு வாழ்வோரில் பெரும்பாலோருக்காகப் பேச எந்த முதலாளிகள் சங்கமும் கிடையாது. அவர்களுடைய திறனும் வகுப்பறையில் வந்ததில்லை. 2022-23 உழைப்போர் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 29 வயது வரையுள்ளோரில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 விழுக்காடு, முறைசாரா வழியில் கற்றவர்கள் 16.6 விழுக்காடு. பயிற்சி நிலையம் தருவதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு திறனை வேலைத்தளமும் வீடும் தருகின்றன. அந்தப் பெரும்பகுதியைக் கணக்கில் கொள்ளாத திட்டம், தன் மாவட்டத்தை அறியாத திட்டம்.

இரண்டு பெரிய முயற்சிகள் சொல்வது

இராமநாதபுரத்துக்குப் பெரிய முதலீடு வராமல் இல்லை. 2016இல் கமுதி வட்டாரத்தில் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் செயல்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 2,500 ஏக்கரில், சுமார் 4,550 கோடி ரூபாய் செலவில் அமைந்த அது, ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் அன்று உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. எட்டு மாதங்களில் 8,500 பேர் உழைத்துக் கட்டி முடித்ததாக அப்போது சொல்லப்பட்டது. கட்டி முடித்த பின் தகடுகளைத் துடைக்கும் வேலையைத் தானியங்கி எந்திரங்கள் ஏற்றுக்கொண்டன. இதில் குறை சொல்ல எதுவுமில்லை. தண்ணீர் இல்லாத நாட்டில் அது தேவையான ஏற்பாடு. திட்டமிடுவோர் இதிலிருந்து ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். சூரிய மின்சாரத்தில் வேலை கட்டுமானக் காலத்தில் வெள்ளமாக வருகிறது, பிறகு வடிந்துவிடுகிறது. 2015இல் நடுவண் அரசு தொடங்கிய சூரியமித்ரா திட்டம், 600 மணி நேரப் பயிற்சியில் 50,000 தொழில்நுட்பர்களை உருவாக்க இலக்கு வைத்தது. மாவட்டத்தில் பெரிய மின் நிலையம் இருக்கிறது என்பதற்காக மட்டும் அந்தப் பயிற்சியை இங்கே பெருக்கினால், வடிந்த வெள்ளத்துக்கு அணை கட்டுவதாக முடியும். கூரைத் தகடு, விவசாயப் பம்புசெட், மிளகாய் உலர்த்தி ஆகியவற்றை ஊரிலேயே பழுதுபார்க்கும் ஆளாக அந்தத் தொழில்நுட்பர் உருவானால் அவருக்கு ஆண்டு முழுதும் வேலை உண்டு. பாடம் அதேதான். எந்த வேலையோடு அதை இணைக்கிறோம் என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது.

இரண்டாவது முயற்சி கடலைச் சேர்ந்தது. பாக் விரிகுடாவில் இழுவைமடி விசைப்படகுகளின் நெருக்கத்தைக் குறைக்கவும், எல்லை தாண்டும் பிரச்சினையைத் தணிக்கவும் 2017இல் ஆழ்கடல் மீன்பிடிப் படகுத் திட்டம் இராமேசுவரத்தில் தொடங்கியது. 2,000 இழுவைப்படகுகளுக்குப் பதிலாகச் சூரை மீன் பிடிக்கும் ஆழ்கடல் படகுகள் தருவது நோக்கம். ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய். அதில் 70 விழுக்காட்டை நடுவண் அரசும் மாநில அரசும் ஏற்றன. 20 விழுக்காடு வங்கிக் கடன். 10 விழுக்காடு மீனவர் பங்கு. தாராளமான மானியந்தான். ஆனாலும் இலக்கில் சிறு பகுதியே நிறைவேறியது. தூண்டில் கயிறு கட்டவும் ஆழ்கடலில் படகு செலுத்தவும் மீனவர்கள் கற்றுக்கொள்ள முடியாதா என்றால், முடியும். ஆனால் பாக் விரிகுடா மீனவர் ஆழம் குறைந்த கடலில் வாரத்தில் மூன்று நாள், போன மறுநாளே கரை திரும்பும் தொழிலில் ஊறியவர். ஆழ்கடல் பயணம் வாரக்கணக்கில் நீளும். பிடித்த மீனைத் தரம் கெடாமல் காக்க ஐஸ் வேண்டும். பெரிய படகு அணைய ஆழமான துறைமுகம் வேண்டும். சூரைக்கு நல்ல விலை தரும் வாங்குவோர் அருகில் வேண்டும். பயணம் தோற்ற மாதத்திலும் தவணை கட்டியாக வேண்டும். இத்தனை கண்ணிகளில் ஒன்று அறுந்தாலும் பயிற்சி வீணாகிவிடும். திறன் என்பது தனித்து நிற்கும் பண்டம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சங்கிலியைப் படிக்கும் முறை

அப்படியானால் சங்கிலியிலிருந்து தொடங்கும் திட்டம் எப்படி இருக்கும்? மிளகாயை எடுத்துக்கொள்வோம். இராமநாதபுரம் முண்டு மிளகாய், உருண்டையான, தடித்த தோலுள்ள, அடர்ந்த நிறமுள்ள வகை. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு ஒரு பெயரைக் காக்கும். விலையைத் தானாகத் தந்துவிடாது. விலை தீர்மானமாவது பறித்த பழம் வத்தலாகும் அந்தச் சில நாட்களில். வெறுந்தரையில் காயப்போட்ட மிளகாயில் மண்ணும் தூசியும் சேர்கின்றன. ஈரம் முழுதாக வற்றாமல் மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கிறது; பூஞ்சை நச்சு இருப்பது தெரிந்தால் ஏற்றுமதிச் சந்தை சரக்கைத் திருப்பியனுப்பும். பூச்சிமருந்து எச்சம் வரம்பை மீறினாலும் அதே கதி. நிறம் வெளுத்ததும் நல்லதும் கலந்து மண்டிக்குப் போனால் மொத்த மூட்டைக்கும் வெளுத்ததன் விலையே கிடைக்கும். விதைக்கவும் பறிக்கவும் விவசாயிக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியது குறைவு. சங்கிலியில் ஆள் இல்லாத கண்ணிகள் வேறு: உலர்த்தியை நிறுவிப் பழுதுபார்ப்பவர், ஈரப்பதம் அளந்து தரம் பிரிப்பவர், எச்சச் சோதனைக்கு மாதிரி எடுத்து அதன் அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவர், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கணக்கையும் இருப்பையும் நடத்துபவர், ஏற்றுமதி ஆவணங்களைத் தயாரிப்பவர்.

இந்தக் கண்ணிகளுக்கு நூற்றுக்கணக்கானோர் வேண்டியதில்லை. வட்டாரத்துக்குச் சில பத்துப் பேர் போதும். ஆனால் அந்தச் சிலர் சரியாக அமைந்தால் அவர்களைச் சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான மிளகாய்க் குடும்பங்களின் வருமானம் உயர வழி பிறக்கும். தலைகளை எண்ணும் முறைக்கு இந்தப் பலன் கண்ணில் படாது. முந்நூறு பேருக்குத் தையல் கற்பித்த திட்டம் அதன் பார்வையில் வெற்றி. முப்பது தரம் பிரிப்பவர்களை உருவாக்கியது தோல்வி. இங்குதான் அலகை மாற்றுவதன் பொருள் புரிகிறது. ஒரு பயிற்சியின் மதிப்பை, பயின்றவரின் சம்பளத்தோடு மட்டும் நிறுத்தாமல், அவர் வேலை செய்யும் சங்கிலி முழுவதற்கும் கிடைத்த கூடுதல் வருமானத்தோடு சேர்த்து அளக்க வேண்டும். தேவையைச் சொல்லும் முதலாளி இல்லை என்ற சிக்கலுக்கும் இதில் தீர்வு உண்டு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், மீனவர் கூட்டுறவுச் சங்கம், மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பு ஆகியவற்றைத் தேவையைச் சொல்லும் தரப்பாக மாவட்டத் திறன் குழுவில் உட்கார வைக்க வேண்டும். பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பதாக எழுத்தில் உறுதி தரும் அமைப்புக்கு, அவருடைய முதல் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பகுதியைத் திட்ட நிதியே ஏற்கலாம்.

கடற்பாசி இன்னும் நுட்பமான பாடம் தருகிறது. மண்டபத்தில் உள்ள ஆய்வு நிலையங்களின் முயற்சியால் கப்பாபைகஸ் பாசி வளர்ப்பு 2000க்குப் பின் இந்தக் கடலோரத்தில் வேரூன்றியது. மூங்கில் தெப்பத்தில் விதைப்பாசியைக் கட்டி மிதக்கவிட்டு, ஏறத்தாழ 45 நாளில் அறுவடை செய்யும் தொழில் அது. இதில் ஈடுபடுவோரில் பெண்கள் மிகுதி. 2020இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் மீன்வளத் திட்டம் நாடு முழுதும் கடற்பாசிக்கு 640 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2023இல் இதே மாவட்டத்தில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இதைப் பார்த்ததும் ஆயிரக்கணக்கானோருக்குத் தெப்பம் கட்டப் பயிற்சி தரலாம் என்று தோன்றும். ஆனால் பெண்களுக்குத் தெப்பம் கட்டத் தெரியும். 2013-14 வாக்கில் வெப்பத்தாலும் நோயாலும் பாசி பெருமளவில் அழிந்து உற்பத்தி சரிந்ததற்குக் காரணம் அவர்களின் கைத்திறன் குறைவன்று. நலமான விதைப்பாசி தரும் நாற்றங்கால், நோயை முதல் வாரத்திலேயே அடையாளம் காணும் கண், நீரின் வெப்பத்தையும் உப்பளவையும் பதிவு செய்யும் பழக்கம், காய்ந்த பாசியை உள்ளூரிலேயே பதப்படுத்தும் ஆலை ஆகியவையே இல்லாத கண்ணிகள். வளர்ப்புக்கு எல்லையும் உண்டு. குருசடைத் தீவுப் பகுதியில் இந்தப் பாசி பவளப்பாறை மேல் படர்ந்ததை 2008இலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். எனவே தெப்பங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட, ஒவ்வொரு தெப்பமும் தரும் வருமானத்தையும் அதன் பாதுகாப்பையும் பெருக்கும் திறனே இங்கு முதன்மை.

சங்கிலியைப் படிக்கும்போது அதன் நாட்காட்டியையும் படிக்க வேண்டும். அரசின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஒப்புதல்களும் ஒதுக்கீடுகளும் முடிந்து வகுப்புகள் சூடுபிடிக்கும் நேரத்தில் இங்கே மழை தொடங்கி உழவும் விதைப்பும் நடக்கும். தையில் நெல் அறுவடை. மாசி தொடங்கி வெயில் ஏறும் வரை மிளகாய்ப் பறிப்பு. அதே கோடையில் பதநீர்க் காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பது அப்போதுதான். எஞ்சின் பழுது, குளிரூட்டும் பெட்டிப் பராமரிப்பு, கடல் பாதுகாப்பு ஆகியவற்றைக் கற்பிக்க அதைவிடப் பொருத்தமான காலம் வேறு கிடையாது. சேர்ந்தவர்களில் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்ற புகாரைப் பயிற்சி நிலையங்கள் எங்கும் சொல்கின்றன. பறிப்புக் காலத்துக் கூலியை விட்டுவிட்டு வகுப்பில் உட்கார ஒரு குடும்பத்தால் முடியாது என்ற எளிய உண்மையும் அதில் அடங்கியிருக்கிறது. பெண்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. மூன்று மாதம் தங்கிப் படிக்கும் பயிற்சி, கைக்குழந்தையோடு இருப்பவருக்கு எட்டாக்கனி. 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் இருக்கிறது. அந்தப் பேருந்து நிற்கும் ஊரில், பள்ளி நேரத்துக்குள் முடியும் வகுப்பாக வைத்தால், அதே பாடத்துக்கு வரக்கூடியவர்களின் வட்டம் விரியும்.

யார் கற்பிப்பது என்பதும் இதோடு சேர்ந்தது. ஊரக மாற்றத்துக்கான வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தில் சமுதாயத் திறன் பள்ளி என்றொரு ஏற்பாடு உண்டு. ஊரிலேயே தொழிலில் தேர்ந்தவர் ஆசிரியராகி, வேலை நடக்கும் இடத்திலேயே சிறு குழுவுக்குக் கற்பிக்கும் முறை அது. தொழிற்பயிற்சி நிலையத்தில் கிடைக்கும் கருவி அறிவையும் அளவீட்டு ஒழுங்கையும் இந்த முறையோடு சேர்க்க வேண்டும். படகு எஞ்சினைப் பல ஆண்டுகளாகப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக்கிடம் கைப்பழக்கம் இருக்கிறது; மின்னணுக் கட்டுப்பாடுள்ள புதிய எஞ்சினின் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் அறிவு நிலையத்தில் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் பெரிய ஆலைகளையே மனத்தில் கொண்டு வளர்ந்தது. சிறு பட்டறைகள் ஐந்தாறு சேர்ந்து ஒரு பழகுநரை ஏற்கவும், அதற்கான எழுத்துவேலையை மாவட்ட அலுவலகம் செய்து கொடுக்கவும் வழி செய்தால், இப்போதிருக்கும் கட்டமைப்பே கிராமத்துக்கும் பயன்படும்.

எழக்கூடிய மறுப்புகள்

இந்த வாதத்துக்கு வரும் மிக வலுவான மறுப்பு சமூகநீதியின் பக்கத்திலிருந்து வருகிறது. ஊரில் இருக்கும் தொழிலிலிருந்தே தொடங்கு என்பது, தந்தையின் தொழிலையே மகனுக்குக் கொடு என்பதாகிவிடாதா? தமிழ்நாட்டுக்கு இந்த அச்சம் புதிதன்று. 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, 1954இல் கைவிடப்பட்டது. 2023இல் வந்த விசுவகர்மா திட்டம் குடும்ப வழித் தொழிலை நிபந்தனையாக்கியதை மாநில அரசு ஏற்க மறுத்து, அந்த நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இந்த எதிர்ப்பு நியாயமானது. சங்கிலித் திட்டம் அதைத் தன் முதல் விதியாக ஏற்றுக்கொள்ள வேண்டும். சங்கிலியின் அடிக்கண்ணியில் சாதி யாரை உட்கார வைத்திருக்கிறது என்பதைத் திட்டம் எழுதுபவர் மறைக்கக் கூடாது. பனையேறியின் மகள் பனையேற வேண்டியதில்லை. கருப்பட்டியின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வகத்தில் அவள் அமரலாம், அந்தக் கூட்டுறவை நிர்வகிக்கலாம், அல்லது மாவட்டத்தை விட்டே போய் மருத்துவம் படிக்கலாம். இல்லாத கண்ணிகள் என்று மேலே சொன்னவை எல்லாம் புதிய வேலைகள். எந்தக் குலத்துக்கும் சொந்தமில்லாதவை. அவற்றில் சேரத் தகுதி பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ ஆகட்டும். பிறப்பு எதற்கும் தகுதியாகக் கூடாது. தொழிலைத் தொடர்வது ஒருவரின் விருப்பமாக இருக்க வேண்டுமானால், அந்தத் தொழிலிலும் மதிப்பும் வருமானமும் இருக்க வேண்டும். வெளியேறும் வாசலும் திறந்திருக்க வேண்டும்.

இளைஞர்கள் எப்படியும் போய்விடுகிறார்கள், உள்ளூர் வேலைக்குத் திட்டமிடுவது வீண் என்பது அடுத்த மறுப்பு. சென்னை, திருப்பூர், வளைகுடா என்று போவது இந்த மாவட்டத்தின் நீண்ட வழக்கம். அந்த வருமானம் பல வீடுகளைத் தாங்கியிருக்கிறது. அதைத் தோல்வியாகப் பார்ப்பது தவறு. உதவியாளாக விமானம் ஏறுபவருக்கும் சோதிக்கப்பட்ட திறனோடு ஏறுபவருக்கும் சம்பளத்தில் பெரிய வேறுபாடு உண்டு. ஆகவே வெளியே போகும் வேலையையும் ஒரு சங்கிலியாகவே திட்டம் படிக்க வேண்டும். எந்த நாட்டில் எந்தச் சான்று செல்லும், தரகருக்கு எவ்வளவு போகிறது, திரும்பி வந்தவரின் அனுபவம் எங்கே பயன்படுகிறது என்ற கேள்விகள் அதில் வர வேண்டும். 1978 முதல் மாநில அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. மாவட்டத் திறன் குழு அதோடு சேர்ந்து இயங்கலாம். வெல்டிங், குளிர்சாதனம், மின்பணி போன்றவை படகுத்துறைக்கும் துபாய்க்கும் ஒருசேரப் பயன்படும் திறன்கள். அத்தகைய பாடங்களுக்கு முன்னுரிமை தருவது இரண்டு வாசலையும் திறந்துவைக்கும். போவதைத் தவிர வேறு வழியே இல்லை என்ற நிலைதான் மாற வேண்டும்.

மூன்றாவது மறுப்பு நிர்வாகத்தைச் சேர்ந்தது. சங்கிலியைப் படிப்பது ஆய்வாளர் வேலை. ஆட்சியர் மாறுவார், சந்தை மாறும், கணிப்பு பொய்க்கும். உண்மைதான். கடற்பாசி அழிவையோ ஆழ்கடல் திட்டத்தின் தேக்கத்தையோ யாரும் முன்கூட்டித் துல்லியமாகச் சொல்லவில்லை. ஆனால் கணிப்பு பொய்க்கும் என்பதே பெரிய இலக்குகளுக்கு எதிரான வாதம். நான்கைந்து சங்கிலிகளை மட்டும் எடுத்து, சிறு குழுக்களாகப் பயிற்சி தந்து, ஆண்டுதோறும் திருத்திக்கொள்ளும் திட்டத்தில் தவறின் விலை குறைவு. வேண்டிய தகவலின் பெரும்பகுதி ஏற்கெனவே மாவட்டத்தில் இருக்கிறது. மண்டபத்து விஞ்ஞானிகள், வேளாண் வணிகத் துறை, மீன்வளத் துறை, மகளிர் திட்டம், முன்னோடி வங்கி ஆகியோரிடம் தனித்தனியாகக் கிடப்பதை ஒரே மேசைக்குக் கொண்டுவர, ஆட்சியர் மாறினாலும் மாறாத இரண்டு மூன்று பேர் கொண்ட நிலையான பிரிவு போதும். மேலிருந்து வரும் நிதியில் ஒரு பகுதியாவது பாடம், கால அளவு, செலவு வரையறை ஆகிய கட்டுகள் இல்லாமல் வர வேண்டும் என்பதை மாநில அரசு வற்புறுத்த வேண்டும்.

எதை அளப்பது

அலகு மாறினால் அளவுகோலும் மாற வேண்டும். ஊரக இளைஞர்களுக்காக 2014இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாயா திட்டம், பயின்றவர்களில் குறைந்தது 70 விழுக்காட்டினருக்கு வேலை என்று நிபந்தனை வைத்தது முன்னேற்றந்தான். ஆனால் மூன்று மாதம் வேலையில் நீடித்ததைக் கணக்கில் எழுதி முடித்தபின் நான்காம் மாதம் பயின்றவர் ஊர் திரும்பினாரா என்று கேட்கும் அக்கறை குறைந்துவிடுகிறது. வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இதில் ஒரு படி மேல். 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் உருவான முன்மாதிரியிலிருந்து வளர்ந்த இவை, பயிற்சி முடிந்த பிறகும் இரண்டு ஆண்டு தொடர்ந்து கைகொடுப்பதை முறையாகவே வைத்திருக்கின்றன. அந்த இரண்டாண்டு விதி எல்லாப் பயிற்சிக்கும் பொதுவாக வேண்டும். அனைவரையும் தேடிப்போக முடியாவிட்டால் ஒரு மாதிரிக் குழுவையாவது தேடிப்போய், பயின்ற வேலையிலேயே இருக்கிறாரா, வருமானம் உயர்ந்ததா, விட்டவர் ஏன் விட்டார் என்று கேட்டு, விடையைக் கிராம சபையில் வைக்க வேண்டும். கேள்வி கேட்கும் உரிமை பயின்றவரின் ஊருக்கு இருந்தால், தேர்ச்சிப் பட்டியலை நிரப்பிவிட்டுப் போகும் பயிற்சி நிறுவனத்துக்கு அங்கே இரண்டாம் முறை இடமிருக்காது.

அரசு ஒரு பயிற்சிக்குத் தரும் பணம் தணிக்கைக்கு வருகிறது. இளைஞர் தரும் மாதங்கள் எந்தத் தணிக்கைக்கும் வருவதில்லை. கூலியை இழந்து, வீட்டாரைச் சமாதானப்படுத்தி, நம்பிக்கையோடு வந்து கற்ற ஒருவருக்குப் பயன்படாத சான்றிதழைக் கொடுத்தனுப்பினால், அடுத்த முறை நல்ல பயிற்சி வந்தாலும் அவர் வரமாட்டார். தம் தம்பி தங்கையையும் அனுப்பமாட்டார். இராமநாதபுரத்தில் உழைப்புக்குக் குறைவில்லை, கற்கும் மனத்துக்கும் குறைவில்லை. அவர்கள் செய்யும் வேலையை அரசு கற்றுக்கொண்ட பிறகே அவர்களுக்குக் கற்பிக்க வர வேண்டும். மாவட்டத் திறன் திட்டத்தின் முதல் பக்கத்தில் பயிற்சி இடங்களின் அட்டவணைக்குப் பதிலாக மாவட்டத்தின் வேலைகளும் அவற்றில் ஆள் இல்லாத கண்ணிகளும் இடம்பெறட்டும். எத்தனை பேருக்குப் பயிற்சி என்ற எண் கடைசிப் பக்கத்தில் வரட்டும்.